எதிர்ப்பக்கத்து வரிகள்

லூட்கார்ட் கஞ்சியின் மேல் பழுப்புச் சர்க்கரையைத் தூவிக் கரண்டியின் முதுகால் அழுத்திக் கரையவிட்டாள். பாலில் வெந்த அரிசிக் கஞ்சி. வெதுவெதுப்பாக இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். ஆறினால் ஆடை படிந்து தொண்டையில் ஒட்டும். ஒரு கையால் கன்னியாஸ்திரியான சகோதரி அன்செல்மாவின் முதுகுக்குப் பின்னால் தலையணையை உயர்த்தினாள். மறு கையால் துண்டை முகவாய்க்குக் கீழே செருகினாள். நாற்பத்தொரு வருடம் பெல்ஜியத்தின் லீர் நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய்ச் செவிலி வேலை பார்த்தவள். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் வாரத்தில் மூன்று காலை இந்த முதியோர் இல்லத்துக்கு வந்து, தானாகச் சாப்பிட முடியாதவர்களுக்கு ஊட்டுகிறாள். சம்பளம் கிடையாது. ஒரு கோப்பை காபி உண்டு, அதுவும் சுமார்தான்.

"சிஸ்டர், வாயத் திறங்க பாப்போம். சர்க்கரை தூக்கலாப் போட்டிருக்கேன், டாக்டர்கிட்ட மாட்டிவிட்டுடாதீங்க."

சகோதரி வாயைத் திறந்தார். கஞ்சிக்காக இல்லை. லத்தீனில் ஒரு வரி சொன்னார், ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரே சுருதியில். நிறுத்தினார். கண்கள் எதிர்ச் சுவரிலேயே நின்றன. கரண்டி உதட்டருகே போனதும் வாய் பூட்டிக்கொண்டது.

ஒரு நிமிடம் கழித்து இன்னொரு வரி. மறுபடி நிறுத்தம். இப்படியே ஐந்தாறு வரிகள். பிறகு சகோதரி பெருமூச்சு விட்டுக் கிண்ணத்தைப் புறங்கையால் தள்ளினார். அவ்வளவுதான் காலைச் சாப்பாடு.

சகோதரி அன்செல்மாவுக்குத் தொண்ணூற்றொரு வயது. நகர எல்லையில் இருந்த, கன்னியர் வெளியே வராமல் வாழும் அடைப்பு மடத்தில் அறுபத்தெட்டு வருடம் வாழ்ந்தவர். கடைசியில் அங்கே மிஞ்சியது இரண்டு பேர். மற்றவர் பனிக்காலத்தில் இறந்தபின் மறைமாவட்டம் மடத்தை விற்றது. இவரை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். வந்த நாலு மாதத்தில் தாய்மொழியான ஃப்ளெமிஷ் சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. தண்ணீர் போனது, செவிலியரின் பெயர்கள் போயின, கடைசியாக 'நன்றி' போனது. லத்தீன் மட்டும் தங்கிவிட்டது.

தளப் பொறுப்பாளர் க்ரீட் கதவருகே வந்து நின்றாள். முப்பது வயதுப் பெண், எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருப்பவள்.

"இன்னிக்கும் மறந்துட்டாங்களா?"

"ஒரு வரி வருது. அப்புறம் நின்னுடுது."

"கோப்புல அப்படித்தான் எழுதியிருக்கோம். ஒரு வரிக்குப் பிறகு மறந்துபோகுது. எடை நாப்பது கிலோவும் நூறு கிராமும். வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து பாப்பார். நாப்பதுக்குக் கீழ போச்சுன்னா இனிமே வற்புறுத்தி ஊட்ட வேண்டாம், நிம்மதியா விட்டுடலாம்னு சொல்லிட்டார்."

லூட்கார்ட் அந்த வாக்கியத்தை வாழ்நாளில் நூறு குடும்பங்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். உரிய நேரத்தில் சொன்னால் அது நல்ல வாக்கியம். அவள் சகோதரியின் முன்கைத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தாள். தோல் உடனே படிந்தது. உதடு வெடிக்கவில்லை. நேற்றுக் கொடுத்த தண்ணீரைப் புரையேறாமல் விழுங்கியிருந்தார்.

"இது சாப்பாட்டை விட்டுட்ட வாய் இல்ல, க்ரீட். ஏதோ குறுக்கே நிக்குது."

"என்ன நிக்குது?"

"தெரிஞ்சா எடுத்துப் போட்டிருக்க மாட்டேனா?"

அவளுடைய பையில் ஒரு பழைய குறிப்பேடு உண்டு. இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு என்று கட்டம் போட்டது. கடந்த ஒரு வாரமாக, சகோதரி சொல்லும் வரிகளைக் காதில் விழுந்தபடி அந்தக் கட்டங்களில் எழுதிவருகிறாள். பொருள் தெரியாது. எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதுகூடத் தெரியாது.

அது தெரியாமல் போனதற்கு ஒரு கதை உண்டு. அவளுடைய அப்பா நேட்டெ ஆற்றுக் கால்வாயில் மதகுக் காவலர். அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது பள்ளித் தலைமைச் சகோதரி சைக்கிளை மிதித்துக்கொண்டு மதகு வீட்டுக்கே வந்து, "இவள லத்தீன் வகுப்புக்கு அனுப்புங்க, இவளுக்குத் தலை இருக்கு" என்று சொன்னார். அம்மா சமையலறையில் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா தொப்பியைக் கழற்றி மரியாதையாகக் கேட்டார். மரியாதையாகவே பதில் சொன்னார்: "பையன் போறான், சிஸ்டர். வீட்டுக்கு ஒருத்தன் போதும்." அண்ணன் போனான். இரண்டே வருடத்தில் லத்தீனிலிருந்து தப்பி ஓடிவந்து, கடலடி மண் அள்ளும் கப்பலில் சமையல்காரனாகச் சேர்ந்தான். அவன் விட்டுவிட்டு வந்த புத்தகங்களைக் கிழித்து அம்மா அடுப்புப் பற்றவைத்தாள். லூட்கார்ட்தான் காகிதம் கசக்கிக் கொடுத்தாள். கசக்குமுன் ஒவ்வொரு தாளிலும் ஒரு வரியாவது பார்த்துவிடுவாள்.

அப்புறம் மனையியல் பள்ளி, செவிலியர் பயிற்சி, சைக்கிள், சிறிய கார். மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் கிறுக்கும் லத்தீன் சுருக்கெழுத்துகளை நாற்பத்தொரு வருடம் பிழையில்லாமல் நிறைவேற்றினாள். எலும்புகளின் பெயர்களும் தெரியும். தெரு முழுக்க வீட்டு எண்கள் தெரிந்தும் எந்த வீட்டுக்குள்ளும் போகாதவள் மாதிரி இருந்தது அது. ஓய்வு பெற்ற அன்றே தீர்மானித்தாள், லத்தீன் படிப்பதென்று. முதலில் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, பிறகு மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆறு வருடம் அப்படி ஓடிவிட்டது. இந்த வசந்தத்தில்தான் புத்தகம் தேட ஆரம்பித்தாள்.

சக்கர நாற்காலி தேர்ந்தெடுப்பதுபோலத்தான் தேடினாள். யாருக்கு, எந்த வழியில் ஓட்ட, எவ்வளவு நாளைக்கு என்று கேட்டுக்கொண்டாள். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். பயிற்சிகளுக்கு விடை பின்னால் இருக்க வேண்டும், கேட்க ஆள் கிடையாதே. காரட் சீவிக்கொண்டே படிக்க வேண்டும் என்பதால், பிடிக்காமல் விட்டாலும் மேசையில் தானாகத் திறந்து கிடக்க வேண்டும். பொம்மைப் படம் கூடாது. மூன்று மாதத்தில் நாலு முறை, கும்மாரஸ் கோயிலுக்குப் பின்புறம் இருக்கும் பழைய புத்தகக் கடைக்குப் போய்த் திரும்பியிருந்தாள்.

இன்று புதன்கிழமை. பிற்பகல் ஐந்தாவது முறையாகப் போனாள். கடைக்காரர் ஃபிர்மெய்ன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"வாங்க மதாம். நீங்க புத்தகம் பாக்குறீங்களா, இல்ல மாப்பிள்ள பாக்குறீங்களா?"

"மாப்பிள்ளைய ஒரே தடவைதான் பாத்தேன். அந்த அவசரம் இனி வேண்டாம்னுதான் இவ்வளவு யோசனை."

"அப்ப இந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுத்துக்குங்க. புதுசு, வண்ணப் படம்."

"விடை?"

"விடைப் புத்தகம் வாத்தியாருக்கு மட்டுந்தான் விப்பாங்க. பள்ளிக்கூட முத்திரை வெச்ச கடிதம் வேணும்."

"எனக்கு அறுபத்தெட்டு வயசு ஃபிர்மெய்ன். நான் யாரப் பாத்துக் காப்பியடிக்கப் போறேன்?"

"சட்டத்துல தாத்தா பாட்டிக்கு விலக்கு இல்லயே, என்ன பண்றது."

உண்மையில் அவள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள். சன்னலோர அலமாரியில் பழுப்பு அட்டை போட்ட இரண்டு தொகுதிகள். வளர்ந்தவர்கள் தாமாகப் படிக்க எழுதியது. பெரிய எழுத்து, பின்னால் விடை, நூற்கட்டு பழகித் தளர்ந்து மேசையில் ரொட்டித் துண்டுபோலப் படிந்து கிடக்கும். அறுபது பாடம் முடித்தால் பழைய ஆசிரியர்களைத் துணையில்லாமல் வாசிக்கலாம் என்று முன்னுரை சொன்னது. துணையில்லாமல் என்ற சொல்லை அவள் நாலு முறை வந்தபோதும் வாசித்திருக்கிறாள்.

அவற்றைத் தூக்கி மேசையில் வைத்தாள். குறிப்பேட்டையும் வெளியே எடுத்தாள்.

"ஒண்ணு கேக்கணும். இந்த வரியெல்லாம் இதுல எங்கயாவது வருமா?"

ஃபிர்மெய்ன் கட்டங்களுக்குள் கிடந்த எழுத்தை உதட்டசைத்துப் படித்தார்.

"இது பைபிள் திருப்பாடல் மாதிரி இருக்கு மதாம். இந்தப் புத்தகத்துல போர்ப் பாளயம், அகழி, ஆளக் குத்துறது, அதுதான் அறுபது பாடமும். ஜெபம் வேணும்னா..." குனிந்து மேசைக்குக் கீழிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்தார். "மடத்த வித்தாங்கல்ல, அங்கேருந்து வந்தது. இன்னும் பிரிக்கவே இல்ல."

பெட்டியின் அடியில் சாம்பல் அட்டை போட்ட ஒல்லிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் அச்சானது. பள்ளிப் படிப்பு இல்லாமல் மடத்துப் பாடற்குழுவில் சேரும் சகோதரிகள் தாமாகவே லத்தீன் கற்க, என்று முகப்பில் எழுதியிருந்தது. எழுத்து பொடி. விடை கிடையாது. விரலை எடுத்தால் மூடிக்கொண்டது. பொம்மைப் படம் இல்லாததைத் தவிர, அவளுடைய பட்டியலில் ஒன்றுகூடத் தேறவில்லை.

பின்பாதியில் திருப்பாடல்கள் இருந்தன. அவள் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்து விரலால் தடவிக்கொண்டே தேடினாள். பதினைந்து நிமிடம் ஆயிற்று. முதல் வரி கிடைத்தது. எழுத்து வேறு, ஒலி அதுவே. அவளுடைய இரண்டாவது வரியை அடுத்த வரியில் தேடினாள். இல்லை. அது மூன்றாவதில் இருந்தது. அவளுடைய மூன்றாவது, ஐந்தாவதில். நான்காவது, ஏழாவதில்.

இடையில் உள்ள வரிகள் எல்லாம் பக்க ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை உள்ளே தள்ளி அச்சிடப்பட்டிருந்தன.

"இது ஏன் உள்ள தள்ளியிருக்கு?"

ஃபிர்மெய்ன் எட்டிப் பார்த்தார். "ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு உக்காந்து சொல்லுவாங்கல்ல மதாம். ஒரு வரி இந்தப் பக்கம், ஒரு வரி அந்தப் பக்கம். உள்ள தள்ளினது எதிர்ப்பக்கம்."

லூட்கார்ட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வரிக்குப் பிறகு மறந்துபோகுது. நாலு மாதமாகக் கோப்பில் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். மறதி என்று ஒன்று இருந்தால் போதும், மறதிக்காரரின் எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே தள்ளிவிடுவது இந்தத் தொழிலில் ஒரு பழக்கம். அவளே தொடக்கநிலைச் செவிலிப் பெண்களை அதற்காகத் திட்டியிருக்கிறாள். அந்த மனுஷி எதையும் மறக்கவில்லை. தன் வரியைச் சொல்லிவிட்டு, எதிர்வரிசைக்காகக் காத்திருக்கிறார். எதிர்வரிசை பனிக்காலத்தில் செத்துப்போனது அவருக்கு நினைவில்லை, அவ்வளவுதான்.

"பழுப்பு, ஒல்லி, எல்லாத்தயும் கட்டித் தரட்டுமா?"

லூட்கார்ட் பழுப்புத் தொகுதிகளின் மேல் கையை வைத்தாள். நாளைக் காலைக்கு முன் அவளுக்கு இருப்பது ஒரே ஒரு சாயங்காலம். எல்லாவற்றையும் கொண்டுபோனால் எதைத் திறப்பாள் என்பது அவளுக்கே நன்றாகத் தெரியும்.

"ஒல்லி மட்டும் போதும்."

"அது உங்களுக்குச் சரிப்படாதே மதாம். அதுல படிச்சா ஒரு பக்கம்கூட நீங்களா வாசிக்க மாட்டீங்க. சும்மா திருப்பிச் சொல்லத்தான் வரும்."

"தெரியும். கட்டுங்க."

வெளியே வந்து சைக்கிளை எடுக்குமுன் சன்னல் வழியாக ஒருமுறை பார்த்தாள். ஃபிர்மெய்ன் பழுப்புத் தொகுதிகளை மறுபடி அலமாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு வருடத்துக்கு முன் மதகு வீட்டிலும் இதே மாதிரி ஒரு கதவோரம் நின்றிருக்கிறாள். அன்று வேண்டாமென்று சொன்னது அப்பா.

வீட்டில் கணவன் ஆச்சில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான். ஓய்வு பெற்ற தபால்காரன். ஓய்வுக்குப் பிறகும் எதைக் கையில் வாங்கினாலும் எடை பார்ப்பான்.

"மூணு மாசம் அலசிட்டு இதுதானா? சோப்பு டப்பா வெயிட்டுகூட இல்ல."

அவள் நோயாளிகளின் விஷயத்தை வீட்டில் பேசியதில்லை. நாற்பத்தொரு வருட விதி. தெருவில் பாதிப் பேருக்கு அவள் ஊசி போட்டிருக்கிறாள், யாருக்கு எங்கே என்று ஆச்சிலுக்குத் தெரியாது. இன்று விதியை மீறி, பெயர் சொல்லாமல், நடந்ததைச் சொன்னாள்.

ஆச்சில் கத்தியைக் கீழே வைத்தான்.

"அந்த மடமா? அங்க நான் பூசைக்கு உதவி செஞ்சிருக்கேனே. ஏழு வயசுலேருந்து பதிமூணு வரைக்கும், தெனம் காலைல. கம்பி அடைப்புக்கு அந்தப் பக்கம் ரெண்டு வரிசையா, நேருக்கு நேரா உக்காந்திருப்பாங்க. இந்த வரிசை ஒண்ணு, அந்த வரிசை ஒண்ணு. ஊஞ்சல் மாதிரி. அது முடியிற வரைக்கும் சாப்பாட்டு மணி அடிக்காது. நாங்க பசில செத்துடுவோம்."

லூட்கார்ட் அவனையே பார்த்தாள். "இத ஏன் நீ ஒரு தடவகூடச் சொன்னதில்ல?"

"நீ ஒரு தடவகூடக் கேட்டதில்லயே."

"அப்ப உனக்கு லத்தீன் தெரியுமா?"

ஆச்சில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக நின்று, பூசைப் பதில்களில் நாலைந்தை மூச்சு விடாமல் ஒப்பித்தான். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. ஒரு சொல்லும் தடுக்கவில்லை. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏழு வயசுல உனக்குச் சும்மா கிடச்சிருக்கு. நான் இங்க கெடந்து தவிக்கிறேன்."

"சும்மாவா? தப்பாச் சொன்னா கன்னத்துல ஒண்ணு விழும். பொண்ணுங்கள பீடத்துக்கிட்ட விடாதது உங்க நல்ல காலம்."

"நல்ல காலமாம். உக்காரு. நீதான் சிஸ்டர்."

சாப்பாட்டு நேரம் வரை உருளைக்கிழங்கு தண்ணீரில் கிடந்தது. ஆச்சில் ஓரத்து வரிகளை வாசித்தான். அவள் உள்ளே தள்ளிய வரிகளை வாசித்தாள். அவள் வரி வந்ததும் பாய்ந்தாள்.

"குதிக்காத லூட். அவங்க நிறுத்தினதும் ஒரு மூச்சு விடு. வரிக்கு நடுவுல நட்சத்திரம் போட்டிருக்கு பாரு, அங்கயும் ஒரு மூச்சு. இல்லன்னா அந்தக் கட்டைக் குரல் பெரிய சிஸ்டர் புத்தகத்தால மரத்துல தட்டுவாங்க."

பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் பொருள் கொடுத்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. பதினோரு வரி பிழையில்லாமல் வாய்க்கு வர வேண்டும், பொருளுக்கு நேரமில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு இல்லத்துக்குப் போனாள். அது அவளுடைய முறை நாள் இல்லை. கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டால் மூடி, உணவைச் சூடாக வைக்கும் வண்டியிலேயே விட்டாள். நாற்காலியைக் கட்டிலின் பக்கவாட்டிலிருந்து எடுத்து, சகோதரி எப்போதும் பார்க்கும் எதிர்ச் சுவரை ஒட்டிப் போட்டு, அவருக்கு நேராக உட்கார்ந்தாள். புத்தகம் மூடிக்கொள்ளாமலிருக்க முழங்காலில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திக்கொண்டாள்.

சகோதரி முதல் வரியைச் சொன்னார். நிறுத்தினார்.

லூட்கார்ட் ஒரு மூச்சு விட்டாள். உள்ளே தள்ளிய வரியை வாசித்தாள். குரல் கரகரத்தது, ஒரு சொல் தடுக்கிற்று.

சகோதரி சிரிக்கவில்லை, அழவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வரியைச் சொன்னார், தாமதமில்லாமல், நேற்றும் இப்படித்தான் நடந்தது என்பதுபோல. லூட்கார்ட் பதில் சொன்னாள். நாலாவது பதிலில் நடுமூச்சை மறந்து ஓடிவிட்டாள். சகோதரியின் ஆள்காட்டி விரல் போர்வைக்கு மேலே உயர்ந்தது. அவள் அந்த வரியை முதலிலிருந்து சொன்னாள். விரல் இறங்கியது.

பதினோரு இணைகளும் முடிந்தன. கடைசியில் சகோதரி தலையைத் தாழ்த்தினார். லூட்கார்ட் கொஞ்சம் பிந்தித் தாழ்த்தினாள். பிறகு சகோதரி மடியிலிருந்த துண்டைத் தானே எடுத்து விரித்து, வாயைத் திறந்தார்.

முக்கால் கிண்ணம் இறங்கியது. க்ரீட் மாத்திரை வண்டியோடு வாசலில் நின்றுவிட்டாள்.

"என்ன பண்ணினீங்க?"

"பதில் சொன்னேன். நாலு மாசமா யாரும் சொல்லல. நானுந்தான்."

"நாளைக்கு எடை?"

"ஒரு வேளைக் கஞ்சி என்ன காட்டும்? கால் கிலோகூட வராது. டாக்டர் வரும்போது நான் இங்க உக்காந்திருக்கேன், அவரும் ஒரு தடவ கேட்டுட்டு முடிவு பண்ணட்டும்."

கோப்பை வாங்கி, மறந்துபோகுது என்ற வரியை அடித்தாள். அதற்கு மேலே பெரிய எழுத்தில் எழுதினாள்: காத்திருக்கிறார். ஊட்டுபவர் எதிரே உட்காரவும். உள்ளே தள்ளிய வரிகள் நம்முடையவை. நட்சத்திரத்தில் மூச்சு. அவசரப்பட வேண்டாம். புத்தகம் மேல் இழுப்பறையில். வெளியே கொண்டுபோகக் கூடாது.

க்ரீட் படித்துவிட்டு, "நாங்க யாரும் லத்தீன் படிச்சதில்லயே" என்றாள்.

"நான் மட்டும் படிச்சிருக்கேனா? வாசிச்சாப் போதும்."

வயிறு நிறைந்த சகோதரி தூங்கிப்போனார். புத்தகத்தை இழுப்பறையில் வைக்கப் போன லூட்கார்ட், வைக்காமல் முதல் பக்கத்தைத் திறந்தாள். முதல் பாடத்தில் நாலே சொற்கள் இருந்தன: ஒளி, அப்பம், தண்ணீர், வீடு. அவள் குறிப்பேட்டை எடுத்து, இரத்த அழுத்தக் கட்டத்தில் லத்தீனையும் நாடிக் கட்டத்தில் பொருளையும் வைத்து எழுத ஆரம்பித்தாள். பத்து மணிக்கு இரண்டாம் பாடத்தின் பாதியில் இருந்தபோது, தரை துடைக்க வந்தவர் காலைத் தூக்கச் சொன்னார். அவள் காலைத் தூக்கிக்கொண்டு எழுதினாள்.